அளவு கேட்காத கோடு

பொறியியல் முதலாண்டு மாணவருக்கு வரைபலகையும் மினி டிராஃப்டரும் இன்னும் தேவையா, நேராகக் கணினி முன்னால் உட்கார வைத்துவிடலாமா என்ற பேச்சு நம் கல்லூரிகளில் ஓயாமல் நடக்கிறது. கடலூர் மாவட்டத்துக்கு இது பாடத்திட்டக் குழுவோடு முடிந்துபோகும் விஷயமில்லை. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகம் தலைமுறை தலைமுறையாகப் பொறியாளர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. கடலூர் சிப்காட், நெய்வேலிச் சுரங்கம், விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்கள், முதுநகர்த் துறைமுகம், பண்ருட்டி வட்டாரத்து முந்திரித் தொழில் என்று புதிய கருவிகளுக்கும் பொருள்களுக்கும் காத்திருக்கும் இடங்கள் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கின்றன. அப்படியிருக்க, கையா கணினியா என்ற விவாதத்தில் இரு தரப்பாரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள் என்பது என் கருத்து. டிராஃப்டர் பூட்டி வரைவதையே கையால் வரைவது என்று இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

தாளைப் பலகையில் இறுக்கி, எச் பென்சிலால் மெல்லிய கோடும் எச்.பி. பென்சிலால் அழுத்தமான கோடும் இழுத்து, அம்புக்குறி போட்டு மில்லிமீட்டரில் அளவு எழுதும் வேலை, ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒரு பொருளைப் பட்டறைக்குப் பிழையில்லாமல் தெரிவிக்கும் வேலை. 1982-இல் ஆட்டோகேட் வந்தபோது மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது அதைத்தான், எடுத்துக்கொண்டதும் நல்லதே. ஒரு கோடு தப்பினால் தாளை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்த காலத்துக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நான் பரிந்து பேச விரும்புவது வேறொரு வரைதலுக்காக. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவாலும், லேத் பட்டறைத் தரையில் சாக்பீஸாலும் போடப்படும் அரைகுறைப் படம் அது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 பாடத்திட்டங்களில் பொறியியல் வரைகலைப் பாடத்தின் முதல் அலகிலேயே கைவரைதல் என்ற தலைப்பு இருந்தது. ஆனால் அங்கே மாணவருக்கு இட்ட வேலை, முப்பரிமாணப் படமாகக் கொடுத்த ஒரு கட்டையின் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றத்தைக் கருவியில்லாமல் போட்டுக் காட்டுவது. இருப்பதைப் பெயர்த்தெழுதும் பயிற்சி என்று இதைச் சொல்லலாம். இல்லாத ஒன்றைத் தேடிப் போகும் பயிற்சிக்கு அதில் இடமிருக்கவில்லை. எனவே, மென்பொருள் வந்து கைவரைதலைக் கொன்றுவிட்டது என்று புலம்புகிறவர்களோடு என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. நம் வகுப்பறையில் அதற்கு நாற்காலியே போட்டதில்லை.

தேடிப் போவது என்றால் என்னவென்று பார்க்க பண்ருட்டிப் பக்கம் போகலாம். முந்திரிக் கொட்டையை வேகவைத்து ஆறப்போட்டு, இரண்டு கத்திகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக வைத்து, கைப்பிடியாலும் மிதியாலும் இயக்கி ஓட்டைப் பிளப்பது பரவலான ஒரு முறை. அந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அதற்குப் பயந்து கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வதுண்டு. பருப்பு முழுசாக வெளியே வந்தால் ஒரு விலை, உடைந்து வந்தால் அதைவிட மிகக் குறைந்த விலை. சந்தையில் டபிள்யூ 320 என்று சொல்லும் தரம், ஒரு பவுண்டு எடையில் ஏறக்குறைய 320 முழுப் பருப்பு நிற்கும் அளவு. கொட்டையின் பருமன் மரத்துக்கு மரம் மாறும் என்பதை அந்தத் தரப்பட்டியலே சொல்லிவிடும். இந்தப் பிளக்கும் கருவியை மேம்படுத்துவதாக இறுதியாண்டு மாணவர் ஒருவர் திட்டம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியைத் திறந்து, ஒரு தளத்தைத் தேர்ந்து, செவ்வகம் போட்டு நீளம் 120 மில்லிமீட்டர் என்று அடிக்கிறார். கத்தி வந்துவிடுகிறது, அதற்குத் துருப்பிடிக்காத எஃகு என்று பெயரும் கிடைத்துவிடுகிறது. பிறகு கீல், கைப்பிடி, சட்டகம். மூன்றாம் நாள் திரையில் பளபளவென்று ஒரு இயந்திரம் சுழல்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றுகூட இன்னும் எழவில்லை. வேலை செய்யும் பெண் உட்கார்ந்திருப்பாரா, எட்டு மணி நேரம் நிற்பாரா? கசியும் எண்ணெய் எந்தப் பக்கம் வழிய வேண்டும்? பெரிய கொட்டைக்கும் சிறியதற்கும் ஒரே கத்தி வாய் போதுமா? பருப்பு உடைவது கத்தியின் குற்றமா, அல்லது கொட்டையைப் பருமன் வாரியாகப் பிரிக்காமல் கொண்டுவந்து கொட்டுவதன் குற்றமா? கடைசிக் கேள்விக்கு இரண்டாவதுதான் விடை என்றால், வடிவமைக்க வேண்டியது கத்தியே இல்லை, ஒரு சல்லடை. மூன்று நாள் செலவழித்து 120 மில்லிமீட்டர் கத்தியைப் பெற்றுவிட்டவருக்குச் சல்லடை என்ற எண்ணம் தோன்றுவது கடினம். தோன்றினாலும் அதை ஒப்புக்கொள்வது இன்னும் கடினம்.

இதில் மாணவரின் சோம்பலுக்குப் பங்கில்லை. கருவி கேட்கும் கேள்விக்கு அவர் விடை சொல்லிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். இன்று கல்லூரிகளில் புழங்கும் அளவுசார்ந்த வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாமே 'எவ்வளவு?' என்று முதலில் கேட்பவை. சாலிட்வொர்க்ஸில் இன்னும் அளவு உறுதியாகாத கோடு நீலமாக நிற்கும். அளவும் கட்டுப்பாடும் கொடுத்து முடித்ததும் கறுப்பாகும். நீலத்தைக் கறுப்பாக்கும் வரை மாணவருக்கு நிம்மதியிருக்காது, ஆசிரியரும் விடமாட்டார். உற்பத்திக்குப் போகும் கட்டத்தில் இது மிகச் சரியான ஒழுக்கம். ஆனால் எதைச் செய்யப் போகிறோம் என்றே தெரியாத கட்டத்தில், உறுதியின்மையைக் குறையாகக் காட்டும் கருவி நம்மை அவசரப்படுத்துகிறது. இந்தக் குணம் பிறவியிலேயே வந்தது. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைக் காட்டினார். ஒளிப்பேனாவால் திரையில் கோணலாகக் கோடு போட்டால் அது நேராகும், இணையாகும், சமமாகும். அன்று வியக்க வைத்த அந்தத் திறன்தான் இன்றைய மென்பொருள்களின் அடித்தளம். அலங்கோலமான கோட்டை அலங்கோலமாகவே விட்டுவைப்பது அதன் நோக்கத்தில் இருந்ததில்லை.

அலங்கோலத்துக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். ஆய்வாளர் வினோத் கோயல் 1995-இல் வெளியிட்ட நூலில், வடிவமைப்பாளர்கள் கையால் வரைந்தபோதும் கணினி வரைநிரலில் வரைந்தபோதும் அவர்கள் சிந்தனை எப்படி நகர்ந்தது என்று ஒப்பிட்டிருக்கிறார். கையால் வரைந்தவர்கள் ஒரு யோசனையிலிருந்து வேறு வகை யோசனைக்குப் பக்கவாட்டில் அதிகம் தாவினார்கள். நிரலில் வரைந்தவர்கள் எடுத்த யோசனையையே மேலும் மேலும் நுணுக்கிக்கொண்டிருந்தார்கள். தெளிவில்லாத கோட்டை இரண்டு மூன்று விதமாகப் படிக்க முடிவதே இதற்குக் காரணம் என்பது அவர் விளக்கம். கேப்ரியேலா கோல்ட்ஷ்மிட் 1991-இல் கட்டடக் கலைஞர்களை ஆராய்ந்து இதை ஒத்த ஒன்றைச் சொன்னார்: வரைபவர் தான் போட்ட கோட்டிலேயே தான் நினைக்காத ஒன்றைக் கண்டுபிடிக்கிறார், அதை வைத்து அடுத்த கோட்டைப் போடுகிறார். கோயல் சோதித்த நிரல் பழங்கால மேக்டிரா. இன்றைய மென்பொருள் அதைவிட எவ்வளவோ முன்னேறியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 2009-இல் ராபர்ட்சனும் ராட்கிளிஃபும் பொறியாளர்களின் அனுபவத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரையும் சுற்றிவளைத்து அதே இடத்துக்குத்தான் வருகிறது. மாதிரி சிக்கலாக வளர வளர அதை மாற்ற மனம் வருவதில்லை; மென்பொருளில் எளிதாகச் செய்ய வருவதே வடிவமாகிவிடுகிறது. அதே கட்டுரை, பொருளைக் கண்முன் நிறுத்துவதிலும் பிறருக்கு விளக்குவதிலும் கணினி பெரிதும் உதவுகிறது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாற்ற மனம் வராத நிலை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்குக் கடலூர்க் கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழகத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. இழந்த கட்டுமரங்களுக்கும் வள்ளங்களுக்கும் ஈடாகத் தொண்டு நிறுவனங்களும் அரசும் கொடுத்தவற்றில் பைபர் படகுகள் ஏராளம். பைபர் படகுக்கு முதலில் அச்சு வேண்டும். அச்சின் உட்புறம் ஜெல்கோட் பூசி, கண்ணாடியிழைப் பாயையும் ரெசினையும் அடுக்கடுக்காக ஏற்றி, இறுகிய பின் படகைக் கழற்றி எடுப்பார்கள். அச்சு ஒன்று அமைந்துவிட்டால் படகுகள் மளமளவென்று வரும். அணியத்தை ஒரு சாண் உயர்த்து என்று கரையில் நிற்கும் மீனவர் சொன்னால் அச்சையே மாற்ற வேண்டும். மரப்படகில் ஏராக்கட்டையை வைத்து வங்குகளை நிறுத்தும்போது ஆசாரி அந்த இடத்திலேயே கேட்டுத் திருத்திவிடுவார். அவசரகாலத்தில் அச்சுப் படகு கொடுத்தது தவறென்று சொல்ல மாட்டேன். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடிய நாட்கள் அவை. ஆனாலும் தரக்குறைவான படகுகள், தேவைக்கு மேல் குவிந்த படகுகள் என்று விமர்சனங்கள் அப்போதே எழுந்தன. இதற்கு நேர்மாறான ஒரு வழி அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜிலே, 1980-களின் தொடக்கத்தில் பிளைவுட் படகுகளைக் கட்டிப் பார்த்தார். பலகைகளை வெட்டிக் கம்பியால் தைத்து, மூட்டுகளை ரெசினால் ஒட்டும் முறை, அச்சு தேவையில்லை. கட்டுமரத்தில் பழகியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டு அடுத்த படகை வேறு மாதிரி வெட்ட முடிந்தது. அந்த அனுபவத்தை விவரித்து அவர் 1985-இல் வெளியிட்ட நூலின் பெயரே சிறியது கடினமானது என்ற பொருள் தருவது. பயன்படுத்துகிறவர் வாய் திறக்கும் வரை வடிவத்தை மாற்றும் செலவு குறைவாக இருந்ததா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. பிளைவுட்டைவிடவும் மலிவு காகிதம்.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு வரும், அதுவும் நம் மண்ணிலிருந்தே வரும். நம் கைவினைஞர்கள் எங்கே கிறுக்கிப் பார்த்தார்கள்? சிதம்பரம் கூத்தனின் வடிவத்தை உலகெங்கும் வார்த்து அனுப்பும் சுவாமிமலை ஸ்தபதி, தென்னை ஓலை நறுக்கை எடுத்து, சிலையின் உயரத்துக்கு வெட்டி, தாளக் கணக்குப்படி மடித்து, அந்த மடிப்புகளையே அளவுகோலாக வைத்து மெழுகைப் பிடிக்கிறார். அங்கே அளவுதான் முதல் வேலை. அப்படியானால் அளவு கேட்கும் மென்பொருளை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? நியாயமான கேள்வி. விடை அந்த ஓலையிலேயே இருக்கிறது. ஸ்தபதி எதைச் செய்யப் போகிறார் என்பது அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. தூக்கிய பாதம் எது, எந்தக் கையில் உடுக்கை, எந்தக் கையில் தீ என்பதில் சந்தேகமில்லை. தேடல் முடிந்த வடிவத்துக்கு அளவு முதலில் வருவது முறை. மரப்படகு ஆசாரிக்கு வரைபடம் தேவைப்படாததற்கும் இதே காரணம்: வடிவம் அவர் கையில் ஊறிக் கிடக்கிறது. முந்திரி உடைக்கும் புதிய கருவிக்கோ, பிச்சாவரத்து ஆழமில்லாத கால்வாய்களில் போகும் மின்படகுக்கோ இப்படி ஊறிய மரபு எதுவும் இல்லை. மரபு இல்லாத இடத்தில் அளவிலிருந்து தொடங்குகிறவர், யாரோ முன்பு செய்ததைத் தெரியாமலே நகலெடுக்கிறார்.

இன்னொரு மறுப்பு ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. என் வாதத்துக்கு இதுதான் உண்மையில் சங்கடமானது. பில்டா, ஜீரோ, பர்செல் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த கட்டடக் கலைஞர்களின் கண்ணைக் கட்டி, வரையாமல் மனத்திலேயே ஒரு வீட்டை வடிவமைக்கச் சொன்னார்கள். அவர்கள் உருவாக்கியது, வரைந்து உருவாக்கியதைவிடத் தரத்தில் தாழ்ந்திருக்கவில்லை. அப்படியென்றால் கோட்டுக்கு என்ன வேலை? சோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர், எல்லோரும் ஆண்டுக்கணக்கில் வரைந்து பழுத்தவர்கள் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். மனத்துக்குள் வரையும் திறன் அவர்களுக்குக் கை வழியாக வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாமாண்டு மாணவரின் கண்ணைக் கட்டிவிட்டால் அப்படி நடக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. அதைவிட முக்கியம், அவர்கள் தனியாக யோசித்தார்கள். மனத்தில் இருக்கும் வீட்டை இன்னொருவர் விரல் வைத்துக் காட்டி இது எனக்குச் சரிவராது என்று சொல்ல முடியாது. பட்டறைத் தரையில் போட்ட சாக்பீஸ் படத்தை வெல்டர் காலால் தேய்த்துவிட்டு மேலே வேறொரு கோடு போடுவார், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நிழலும் பளபளப்பும் சேர்த்து அச்சிட்டுக் கொண்டுபோன படத்தின் மேல் அதே வெல்டர் பேனா வைக்கமாட்டார். 'நல்லா இருக்கு சார்' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். முந்திரிக் கொட்டகைப் பெண்களிடமும் இதுவே நடக்கும். முடிந்துபோனதாகத் தோற்றம் தரும் படம் கருத்து சொல்ல வந்தவரின் வாயை அடைத்துவிடுகிறது.

வேலைவாய்ப்பைக் காட்டி எழும் மறுப்பை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நேர்காணலில் கேட்பது மென்பொருள் தேர்ச்சியைத்தான், கிறுக்கலை அல்ல என்பது உண்மை. கடலூரிலும் சிதம்பரத்திலும் பயிற்சி மையங்கள் அதை நம்பித்தான் நடக்கின்றன. நானும் அந்தத் தேர்ச்சியைக் கைவிடச் சொல்லவில்லை. மென்பொருளின் கட்டளைகளைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம், பதிப்பு மாறினால் மறுபடியும் கற்க வேண்டும். பத்து வழி யோசித்து ஒன்பதைக் கைவிடும் பழக்கத்துக்குப் பதிப்பு எண் கிடையாது. அந்தப் பழக்கம் இல்லாத கேட் ஆபரேட்டருக்கு வாழ்நாள் முழுக்க அடுத்தவர் யோசனையை நேர்த்தியாக்கிக் கொடுக்கும் வேலைதான் வாய்க்கும்.

டேப்லெட் திரையில் ஸ்டைலஸ் பேனாவால் வரைந்தால் கணக்கில் சேருமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சேரும். காகிதத்தின் மேல் எனக்குத் தனிப் பக்தி எதுவும் இல்லை. அளவு கேட்காமல் கோட்டை ஏற்கும் எந்தப் பரப்பும் போதும். கவலைப்பட வேண்டியது இப்போது புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுப் படக் கருவிகளைப் பற்றி. இரண்டு வரி எழுதினால் சில விநாடிகளில் முந்திரி இயந்திரம் ஒன்றை அட்டகாசமாகக் காட்டும். அளவு கேட்பதில்லை, பத்து மாற்று வடிவங்களும் தரும். அப்படியானால் என் நிபந்தனைகளை அது நிறைவேற்றிவிட்டதே என்று தோன்றலாம். இங்கே 1991-இல் ஜான்சனும் ஸ்மித்தும் செய்த சோதனை நினைவுக்கு வருகிறது. சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, உறிஞ்சுகுழல் வைக்கக் கூடாது என்று விதியும் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் உறிஞ்சுகுழல் வைத்த மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். படத்தைப் பார்த்தவர்களில் பலர், தடை இருந்தும் குழலை வைத்தே வரைந்தார்கள். அவர்கள் பார்த்தது ஒரு சாதாரணக் கோட்டுப் படம். அதற்கே அவ்வளவு பிடிமானம் என்றால், நிழலோடும் உலோக மினுக்கோடும் வரும் பத்துப் படங்களைப் பார்த்த மாணவர் அவற்றிலிருந்து விடுபடுவது எப்படி? தானே பத்து வழி கிறுக்கி முடித்த பிறகு அந்தக் கருவியைத் திறந்தால் பயன் உண்டு. வரிசை மாறினால் சல்லடை என்ற எண்ணம் தலைகாட்டப் போவதில்லை.

எல்லாப் பொருளுக்கும் இந்த வரிசை பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. பிச்சாவரத்து மின்படகையே எடுத்துக்கொண்டால், மின்கலத்தின் எடையை எங்கே வைத்தால் படகு சாயும் என்பதைக் கணக்குப் போடாமல் ஒரு அடி நகர முடியாது. அந்த இடத்தில் கணினியை முதல் வாரமே கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம். விருத்தாசலத்துப் பீங்கானிலோ இன்னொரு விதம்: வார்ப்பு அச்சுக்குப் போகும் முன் தேட வேண்டியதைக் கோட்டைவிடக் களிமண்ணே நன்றாகத் தேடித் தரும். கருவி எதுவானாலும் தேடும் காலத்தில் அது மலிவாக, அழிக்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

எனக்கு வரைய வராது என்று மாணவர்கள் பின்வாங்குவதற்கும் ஓவியத் திறமைக்கும் தொடர்பில்லை. பெட்டி, உருளை, அம்புக்குறி, குச்சி போன்ற ஒரு மனித உருவம் போட வந்தால் போதும். அவர்களைத் தடுப்பது மதிப்பெண். முதல் மதிப்பாய்விலேயே முடிந்த மாதிரியைக் காட்டுகிறவருக்கு அதிக மதிப்பெண் கிடைக்கும் வரை யாரும் காலண்டர் தாளைக் கையில் எடுக்கப் போவதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளும் இறுதியாண்டுத் திட்டத்தின் முதல் மதிப்பாய்வில் கணினி மாதிரியை ஏற்பதில்லை என்று ஒரு விதி வைக்கலாம். குறைந்தது 20 கைப்படங்கள், அவற்றில் எதை ஏன் கைவிட்டார்கள் என்று படத்துக்கு ஒரு வரி, அந்தக் கருவியை நாளெல்லாம் பிடிக்கப் போகிற ஒருவர் படத்தின் மேல் போட்ட திருத்தம் ஒன்றாவது. இவற்றுக்கு எப்படி மதிப்பெண் போடுவது, இது அகவயமாகிவிடாதா என்று தேர்வாளர்கள் கேட்பார்கள். இருபதும் ஒரே யோசனையின் இருபது அளவுகளா, வேறு வேறு யோசனைகளா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். திரையில் சுழலும் இயந்திரம் யாருடைய கோப்பிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதைவிட அது எளிது. அதற்கு ஆய்வகமும் வேண்டாம், உரிமக் கட்டணமும் வேண்டாம்.